குமரவேல் சாலையைக் கடந்த விதம்

போன மாதம் சிதம்பரத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த களப்பணியாளர்களுக்கு நடந்த பயிற்சியில் அரை நாள் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களின் வீடுகளுக்கு எப்படிப் போவது, பெற்றோரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இவங்கள தனியா பஸ்ல அனுப்பப் பழக்கணும்னு சொல்றீங்க. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பொறுப்பு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த இளைஞர், கைக்கடிகாரம் மாதிரி ஒரு கருவி வந்திருப்பதாகவும், அதைக் கட்டிவிட்டால் ஆள் எங்கே இருக்கிறார் என்பது நம் போனிலேயே தெரியும் என்றும் சொன்னார். எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. நானும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் உட்கார்ந்துவிட்டேன்.

கடலூர் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண்ணின் கேள்வியையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் கேட்டது சரிதான். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஏதாவது ஒன்று ஆகத்தான் செய்தது. அதை அவளிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். சாப்பாட்டுக்கு முன் அவசரமாகச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை அது. அதனால் எழுதுகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. பெயர் பிலோமினா. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பிள்ளை மட்டும் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கும். அதை உள்ளே கொண்டுவர என்னவெல்லாமோ செய்து பார்த்ததில்தான் இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன். பயிற்சி முடித்து, பண்ருட்டியில் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பகல் மையம் நடத்தும் ஒரு சிறிய அமைப்பில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். எங்கள் வாசல் பலகையில் முதலில் அவர்களைக் குறித்து எழுதியிருந்த சொல்லை இன்று யாரிடமாவது சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். சொல் மாற மாறப் பலகையை அழித்து அழித்து எழுதினோம்.

எங்களுக்கு மேலதிகாரி நூர்ஜஹான் மேடம். பரங்கிப்பேட்டைக்காரர். கணவர் சிங்கப்பூரில் இருந்தார். எங்கே போனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தரையில் உட்கார்ந்துவிடுவார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "பாவம்" என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகாது. யாராவது சொல்லிவிட்டால், "என்ன பாவம், சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக உண்மையிலேயே காத்திருப்பார். பதினெட்டு வயது தாண்டியவர்களை நாங்கள் வா, போ என்று கூப்பிடக்கூடாது. வாங்க, போங்கதான்.

அவரோடு நான் முதலில் போனது புவனகிரியில் ஒரு வீடு. வசந்தி என்று ஒரு இளம்பெண். பேச்சு வராது. அம்மாதான் சோறு ஊட்டுவார், தலை வாருவார். நாங்கள் உட்கார்ந்ததும் மேடம் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"அவளுக்குப் பேச வராதுங்க. வசந்தி" என்றார் அம்மா.

மேடம் திரும்பவில்லை. வசந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது பேசி அந்த மௌனத்தை மூடிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இருங்க பிலோமினா. அவுங்க யோசிக்கிறாங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வசந்தி எழுந்து உள்ளே போனார். ஒரு டம்ளரில் தண்ணீரோடு வந்து மேடம் முன்னால் வைத்தார். பாதி கீழே சிந்தியிருந்தது. அம்மா அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது பஸ்ஸில் நான் அதையே வியந்து பேசிக்கொண்டு வந்தேன். மேடம், "தண்ணி கொண்டாரலன்னா என்ன நெனச்சிருப்பீங்க?" என்று கேட்டார். பிறகு அவரே, "கொண்டாராம இருந்தாலும் அவுங்ககிட்டதான் கேக்கணும். அதான் நம்ம வேல" என்றார்.

குமரவேல் எங்கள் மையத்துக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அண்ணாகிராமத்துப் பக்கம் ஊர். அம்மா தேவகி முந்திரி உடைக்கப் போகிறவர். முந்திரி ஓட்டின் பால் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்திருக்கும். அப்பா இல்லை. குமரவேலுக்கு அம்மா, பஸ், போ என்று நாலைந்து சொற்கள் வரும். ஆட்டிசம் உண்டு, கூட்டமும் உரத்த சத்தமும் ஆகாது. ஆனால் ஒன்றைப் படிப்படியாகப் பழகிவிட்டால் ஒரு படி விடமாட்டார். அட்டைப்பெட்டி மடிக்கக் கற்றுக்கொண்டு, பண்ருட்டியில் ஒரு பேக்கரிக்கு எங்கள் மையத்திலிருந்து போகும் பெட்டிகளில் பாதியை அவரே மடித்தார்.

அவரைத் தினமும் கொண்டுவந்து விட்டால் தேவகிக்கு அன்றைய வேலை போய்விடும். அதனால் தனியாக வரப் பழக்குவது என்று முடிவானது. தேவகி பயந்தார். மேடம் குமரவேலிடமே கேட்டார். எங்களிடம் படம் வரைந்த அட்டைகள் உண்டு. பஸ் படத்தையும் வீட்டுப் படத்தையும் முன்னால் வைத்தோம். அவர் பஸ்ஸை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பழக்கியது நான்தான். பஸ் ஏறுவது எளிதாக இருந்தது, கண்டக்டர்களே உதவினார்கள். கஷ்டம் சாலையைக் கடப்பதுதான். முதலில் மையத்தின் தரையில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டேன். கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். வலது பக்கம் பார்க்க வேண்டும், பிறகு இடது பக்கம், மறுபடியும் வலது. பிறகு பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்தப் பக்கம் போனதும் கையை விட்டுவிட வேண்டும். எங்கள் மெயின் ரோட்டில் தனி ஆளுக்கு லாரி நிற்காது. இரண்டு பேராகப் போனால்தான் கொஞ்சமாவது வேகம் குறைப்பான். அதற்காகத்தான் கை. தரையில் பழகி, பிறகு ஆளில்லாத தெருவில் பழகி, கடைசியில் மெயின் ரோட்டுக்குப் போனோம். கையை விடுவதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆனது. அந்தப் பக்கம் போன பிறகும் பிடியை விடாமல் யாரோ ஒருவர் வீடுவரைக்கும் போய்விடுவார். அதையும் பழகிக்கொண்டார். வருடக்கணக்காகத் தனியாகவே வந்துபோனார்.

பிறகு அந்தப் பலாப்பழ சீசன் வந்தது. போன்களில் ஒரு வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், முன்பின் தெரியாத ஆளைக் கண்டால் விடாதீர்கள் என்று யாரோ பேசி அனுப்பிய குரல் பதிவை ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பிற்பகல் குமரவேல் வீட்டுக்குப் போன பஸ் நடுவழியில் பழுதாகி நின்றது. எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நின்ற ஷேர் ஆட்டோக்களில் ஏறிப் போய்விட்டார்கள். அது அவருக்குத் தெரியாத ஊர். பெயர் வேண்டாம்.

மையத்துக்குப் போன் வந்தபோது நான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் பையில் இருந்த அடையாள அட்டையைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார். "உங்க ஆளு ஒருத்தரு இங்க இருக்காரு, சீக்கிரம் வாங்க" என்றார். மேடமும் நானும் ஆட்டோவில் போனோம். வழியில் தேவகியை ஏற்றிக்கொண்டோம்.

ஸ்டேஷனில் குமரவேல் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். சட்டை இல்லை. உதடு கிழிந்திருந்தது. இரண்டு மணிக்கட்டிலும் கயிறு இறுக்கிய தடம். ஒரு சின்னப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார் என்று புளியமரத்தில் கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். அவருக்குப் பேச்சு வராததையே சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் சொல்லவில்லை, ஊரைக் கேட்டால் சொல்லவில்லை, அப்படியானால் பிள்ளை பிடிக்கிறவன் இவன்தான் என்று.

அந்தப் பிள்ளையின் அப்பா ஏழுமலை அங்கேயே நின்றிருந்தார். மண்டியில் பலாப்பழம் ஏற்றி இறக்குபவர். அவர் மனைவி சங்கீதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். ஏழுமலை புகார் கொடுத்திருந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்து, "மூள சரியில்லாதவன ஏம்மா வெளிய வுடுறீங்க? இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருந்தா பொணமாத்தான் வாங்கிட்டுப் போயிருப்பீங்க" என்றார்.

தேவகி அழவில்லை. பெஞ்சுக்கு அடியில் தானும் உட்கார்ந்து, முந்தானையை நனைத்து மகன் முகத்தைத் துடைத்தார். "வூட்லயே வச்சிருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மேடம் சப்-இன்ஸ்பெக்டருக்கு வணக்கம் சொன்னார். "முதல்ல ஆஸ்பத்திரி சார். மத்தது நாளைக்குப் பேசலாம். நீங்களே ஆள அனுப்புங்க, எங்களோட" என்றார். அந்தக் குரலில் கெஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. சப்-இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரை அனுப்பினார்.

மறுநாள் ஸ்டேஷனில் வாக்குமூலம். "அவன்கிட்ட என்னத்தம்மா கேக்கறது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கேக்கறது உங்க வேல சார். அவருகிட்ட எப்படிக் கேக்கணும்னு நாங்க சொல்றோம்."

அட்டைகளைத் தரையில் பரப்பினேன். மரம், ரோடு, பிள்ளை, கை, பஸ். குமரவேல் எதையும் பார்க்கவில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். நான் மறுபடி அடுக்கினேன். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை நகர்த்தினார், போனை எடுத்தார், வைத்தார். மேடம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்று இவர் ஒன்றும் காட்டாமல் போனால், அந்தப் புகார் அப்படியே நிற்கும்.

கடைசியில் குமரவேல் பஸ் படத்தை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த எடத்துக்குப் போலாமா சார்?" என்றார் மேடம். "ஜீப்ல வேணாம். பஸ்ல."

தேவகி எழுந்துவிட்டார். "அங்க வேணாம் மேடம். மறுபடியும் அடிப்பாங்க."

மேடம் குமரவேலுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, அந்த ஊர் பஸ் ஸ்டாப்பின் படத்தைப் போனில் காட்டினார். நேற்றே அந்த வழியாகப் போய் எடுத்து வைத்திருந்திருக்கிறார். "இங்க போறோம். வேணாம்னா வேணாம். நீங்கதான் சொல்லணும்." குமரவேல் ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். தேவகியும் பின்னாலேயே வந்தார்.

பஸ்ஸில் நாங்கள் போக, ஜீப் பின்னால் வந்தது. ஸ்டாப்பில் இறங்கியபோது ஏழுமலை, சங்கீதா, ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார்கள். புளியமரத்தைப் பார்த்ததும் குமரவேல் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் அவர் பக்கத்தில் போகப் போனேன். மேடம் என் கையைத் தொட்டுத் தடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் மட்டும் அவரை ஒட்டியே நின்றார்; ஓடிவிடுவார் என்ற பயம்.

காதிலிருந்து கையை எடுத்தார் குமரவேல். மெல்ல நடந்து தார் முடியும் இடத்தில் நின்றார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். மறுபடி வலது பக்கம் பார்த்தார். பிறகு கையை நீட்டி, பக்கத்தில் நின்ற சப்-இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார்.

சப்-இன்ஸ்பெக்டர் என்ன செய்வதென்று தெரியாமல் கூடவே போனார். ஒரு டெம்போ வேகம் குறைத்து நின்றது. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் குமரவேல் பிடியை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். காக்கிச் சட்டையோடு அந்த மனிதர் தன் கையைப் பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நின்றதை நான் மறக்கவே மாட்டேன்.

சங்கீதாதான் முதலில் பேசினார். "அன்னிக்கும் இப்படித்தான் நின்னாரு. நான் கடையில இருந்து பாத்தேன். ரெண்டு பக்கமும் பாத்தாரு. எம்பொண்ணு பக்கத்துல நின்னுச்சு. அது கையப் புடிச்சதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. கத்திட்டேன்."

"நீ சும்மா இரு" என்றார் ஏழுமலை.

"என்னாத்துக்கு சும்மா இருக்கணும்? பாத்தத சொல்றேன்" என்றார் அவர்.

பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடிக்கச் சொன்னது நான். பக்கத்தில் நின்றது ஐந்து வயதுப் பிள்ளை. விட்டிருந்தால், அந்தப் பிள்ளையோடு சாலையைக் கடந்ததும் அவர் கையை விட்டிருப்பார். நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் புளியமரத்தடியில் என்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

ஏழுமலையின் புகார் முடித்துவைக்கப்பட்டது. அடித்தவர்கள் மேல் தேவகி கொடுத்த புகார் பதிவானது. யாரோ பெருமைக்காக எடுத்த வீடியோவில் ஆட்கள் தெரிந்தார்கள், ஏழுமலையும் இருந்தார். ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசத் தேவகி வீட்டுக்கு வந்தார்கள். மேடம் தேவகியிடம், "உங்களுக்கு வேணாம்னா விட்டுரலாம்மா. ஊரு சொல்லுதேன்னு மட்டும் விடாதீங்க" என்றார். தேவகி வந்தவர்களிடம், "அவன் கையில கெடக்குற தழும்பு போவட்டும், அப்பறம் பேசலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சிலர் ஒப்புக்கொண்டார்கள். கிடைத்த தண்டனை சிறியதுதான்.

மையத்தில் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. இனிமேல் யாரையும் தனியாக அனுப்ப வேண்டாம் என்றார்கள் சிலர். யாரையும் தொடவே கூடாது என்று கற்றுக்கொடுப்போம் என்றார்கள் சிலர். மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தெரியாதவர் கையைப் பிடிப்பதற்குப் பதில், நம் கையை உயர்த்திக் காட்டிக் கடக்கப் பழக்கலாம் என்று மாற்றினோம். பிறகு அவர் சொன்னார்: "இவ்ளோ நாளு இவுங்களுக்கு ஊரப் பழக்குனோம். ஊருக்கு யாரும் இவுங்களப் பழக்கல. அந்த வேல பாதிகூட நடக்கல."

அதன்பிறகு குமரவேல் வரும் பஸ் எங்கெல்லாம் நிற்குமோ அங்கெல்லாம் இறங்கிப் பேசினோம். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், பள்ளிக்கூட வாசல். நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி மடித்துப் பஜ்ஜி எண்ணெய் துடைத்தார்கள். அதனால் நோட்டீஸை விட்டுவிட்டு ஆட்களையே கூட்டிக்கொண்டு போனோம். அவரவர் பெயரைச் சொல்லி, இவருக்குப் பேச்சு வராது, இவர் கையைத் தட்டினால் பயந்துவிட்டார் என்று அர்த்தம், இவரிடம் மெதுவாகக் கேட்டால் போதும் என்று சொன்னோம். அந்த ஊரிலும் போய் நின்றோம். ஒருவர், "அடிச்சது நாங்கதான். இப்ப எங்களுக்கே கிளாஸ் எடுக்க வந்துட்டீங்களா?" என்று கேட்டார். மேடம், "ஆமாங்க, அதுக்குத்தான் வந்தோம்" என்றார். கேட்டவர் போய்விட்டார். வேறு சிலர் நின்று கேட்டார்கள்.

குமரவேல் அதற்கு வரவில்லை. கேட்டோம், வீட்டுப் படத்தை எடுத்தார். மழைக்காலம் முழுக்க வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தேவகி வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். நான் வாரம் தவறாமல் போய் உட்கார்ந்து, கையை உயர்த்திக் கடப்பதைக் காட்டிவிட்டு வருவேன். மழை விட்டபின் ஒருநாள் காலையில் அவரே சட்டை போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றிருக்கிறார். தேவகி என்னிடம் சொன்னார்: "வேணாம்டான்னு சொல்லத்தான் வந்துச்சு டீச்சர். சொல்லல. தொறந்து வுட்டேன்." மகன் பின்னாலேயே வேறு சீட்டில் உட்கார்ந்து பண்ருட்டிவரை வந்தார்.

அன்று மையத்துக்கு எதிரே குமரவேல் இறங்கியதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். வலது, இடது, வலது. பக்கத்தில் பெண்கள் நின்றார்கள். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை வண்டியே இல்லாத நேரம் வரும்வரை நின்றார். நாங்கள் புதிதாகச் சொல்லிக்கொடுத்த, கை உயர்த்துவதையும் அவர் ஏற்கவில்லை. அதன்பிறகு யார் கையையும் அவர் பிடித்து நான் பார்த்ததில்லை. அம்மா கையையும்தான். சிதம்பரத்தில் கேள்வி கேட்ட பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதில் இதுவும் உண்டு. பஸ்ஸில் இன்றும் தனியாகத்தான் வருகிறார். ஆனால் அதற்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஒருநாள் சங்கீதா மையத்துக்கு வந்தார். வாசலில் செருப்போடு நின்றார். கணவருக்காகச் சமாதானம் பேச வந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது நான் வந்தது" என்றார். "அதப் பத்திப் பேச வரல. கேஸ் நடக்குறபடி நடக்கட்டும். எங்க தெருவுல ஒரு பொண்ணு இருக்குது டீச்சர். பதினாறு, பதினேழு வயசு இருக்கும். வூட்டுக்குப் பின்னாடி ரூம்ல வச்சிருக்காங்க. கல்யாணம் காச்சிக்குக்கூட வெளிய வுட மாட்டாங்க. சின்னப் புள்ளையில ரெண்டொரு தடவ பாத்தது. நீங்க வந்து ஊர்ல பேசுனீங்கல்ல, அன்னியில இருந்து அந்தப் பொண்ணு ஞாபகமாவே இருக்குது."

மேடம் உள்ளிருந்து வந்தார். "நாங்க போனா கதவத் தொறப்பாங்களா?"

"உங்களுக்குத் தொறக்க மாட்டாங்க" என்றார் சங்கீதா. "நான் வரேன்."

அடுத்த நாள் நாங்கள் போனோம். புளியமரத்தைத் தாண்டி, இரண்டாவது தெரு. டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சங்கீதா யாரையும் பார்க்காமல் எங்களுக்கு முன்னால் நடந்தார். வீட்டுக்குள் ஆள் இருக்கும் சத்தம் கேட்டது, கதவைத் தட்டியதும் நின்றுவிட்டது. நூர்ஜஹான் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்குக் கீழே தள்ளி நின்றுகொண்டார். நானும் நின்றேன்.

சங்கீதா மறுபடி தட்டினார். "நான்தான் அக்கா, சங்கீதா. கதவத் தொற. பாப்பாவப் பாக்க வந்திருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.